டேர்போ வாகனத்துக்கு ஏ.எஃப்.ஆர். கேஜ் பூட்டக் கொடுப்போர் கவனத்துக்கு

கொழும்பின் தென்புறத்திலுள்ள ஒரு கராஜில் 115,000 ரூபா கொடுத்து, என் டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சாவுக்குக் காற்று–எரிபொருள் விகிதத்தை (ஏ.எஃப்.ஆர்.) எண்ணாகக் காட்டும் கேஜ் ஒன்றைப் பூட்டுவித்தேன். ஒன்பது வாரங்களாக அது எனக்குக் காட்டிக்கொண்டிருந்த எண் பொய்யானது. அந்த எண்ணை நம்பி ஓட்டியதால் எஞ்சினின் மூன்றாவது பிஸ்டன் உடைந்தது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கராஜின் பெயரை எழுதவில்லை. ஆனால் அங்கே என்ன செய்தார்கள் என்பதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வாகனத்துக்கு அடியில் குனிந்து பார்க்காத எவரையும் இதே முறையில் எந்தக் கராஜிலும் ஏமாற்றலாம்.

என்னுடையது 1.3 லீற்றர் டேர்போ எஞ்சின் கொண்ட, தொண்ணூறுகளின் கடைசியில் வந்த வாகனம். எனக்கு முன் வைத்திருந்தவர் பூஸ்டை, அதாவது டேர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, உயர்த்தும் வால்வு ஒன்றைப் பூட்டியிருந்தார். 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில், கையிலிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எல்லோரையும் போல எனக்கும் ஊறிவிட்டது. பெற்றோல் முழுமையாக எரிய, ஒரு பங்கு பெற்றோலுக்கு எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். சும்மா நிற்கும்போதும் சீராக ஓடும்போதும் வாகனத்தின் கணினி அந்த எண்ணைச் சுற்றியே வைத்திருக்கும். டேர்போ முழு மூச்சில் காற்றைத் தள்ளும்போதோ எண் 12-க்குக் கீழே, ஏறத்தாழ 11.5 வரை இறங்க வேண்டும். அந்த மிகைப் பெற்றோல்தான் உள்ளே வெப்பத்தைத் தணிக்கிறது. 13-க்கு மேலே நின்றால் கலவை தானாக வெடித்துப் பிஸ்டனைத் தட்டத் தொடங்கும். பூஸ்டை உயர்த்திய வாகனத்துக்கு இந்தக் கேஜ் அலங்காரப் பொருளல்ல என்பது இதனால்தான்.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மோசடி முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. வாகனத்துடன் வரும், புகையில் எஞ்சியிருக்கும் ஒட்சிசனை உணரும் பழைய வகை ஒட்சிசன் சென்சர் 0 முதல் 1 வோல்ட் வரை தருவது. 14.7-ஐத் தாண்டும் இடத்தில் அது சட்டென்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவும், அவ்வளவுதான். பெற்றோல் மிகுந்த பக்கத்தில் 13 என்றாலும் 11 என்றாலும் அது ஏறத்தாழ 0.9 வோல்ட்டில் போய் உட்கார்ந்துவிடும். நான் கேட்டது, விகிதம் எவ்வளவு என்பதையே அளக்கும் வைட்பேண்ட் எனப்படும் வேறு வகை. போஷ் நிறுவனத்தின் எல்.எஸ்.யூ. 4.9 போன்ற தனி சென்சரும், அதைச் சூடாக்கி அளவெடுக்கும் தனிக் கட்டுப்பாட்டுச் சுற்றும் அதற்கு வேண்டும். அந்த சென்சரைத் திருக, புகைக்குழாயில் துளையிட்டு 18 மில்லிமீற்றர் மரை கொண்ட வளையமொன்றை வெல்டிங் செய்ய வேண்டும். விலையில் பெரும்பகுதி இந்த சென்சருக்கும் வெல்டிங் வேலைக்கும்தான் போகிறது.

காலையில் வாகனத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போய், மாலையில் எடுத்தேன். முன் ஆசனத்தில் சென்சர் வந்த பெட்டி திறந்தபடி கிடந்தது. கேஜ் நீல நிறத்தில் அழகாக ஒளிர்ந்தது. அதைப் பூட்டிய இளைஞர் என்னை ஒரு சுற்று ஓட்டிக் காட்டி, “பாருங்க அண்ணே, பூஸ்ட்ல 11.8-லயே நிக்குது, பயப்படாம அடிங்க” என்றார். பற்றுச்சீட்டில் ஒரே வரி: ஏ.எஃப்.ஆர். கேஜ், பூட்டுக்கூலியுடன். மாதிரி இலக்கம் இல்லை, சென்சர் என்ற சொல்லே இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, வீட்டுக்குப் போகும் அவசரம், காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்தே கேஜ் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. வைட்பேண்ட் சென்சர் சூடாகி வேலை தொடங்க அரை நிமிடம் வரை எடுக்கும், அதுவரை கேஜ் எண் காட்டாது. என்னுடையதோ சாவியைத் திருப்பிய மறுகணமே ஒரு எண்ணுடன் விழித்தது. சீராக ஓடும்போது 12-க்கும் 16-க்கும் இடையே ஊஞ்சலாடியது. பூஸ்டில் எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்றானாலும் 6,000 சுற்றானாலும் 11.8, புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம்கூட மாறவில்லை. உண்மையான எஞ்சின் எதுவும் அவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொள்ளாது. நான் அதை வாகனத்தின் நற்குணம் என்று நினைத்து நண்பர்களுக்குப் படமெடுத்தும் அனுப்பியிருந்தேன்.

ஏழாவது வாரம், கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதைக்கு ஏறும்போது மூன்றாம் கியரில் அழுத்தியதும், தகர டப்பாவில் பொடிக்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. உடனே கேஜைப் பார்த்தேன். 11.8. ஆகவே கலவையில் குறையில்லை என்று தீர்மானித்து, பெற்றோலில்தான் கலப்படம் என்று வழக்கமாக 95 ஒக்டேன் அடிக்கும் நிரப்பு நிலையத்தை மாற்றினேன். பாவம், அவர்கள் மீது ஒரு குறையும் இல்லை. இரண்டு வாரத்தில் எஞ்சின் நிற்கும்போதே நடுங்கவும் எண்ணெய் குடிக்கவும் ஆரம்பித்தது.

கொட்டாஞ்சேனையில் நெடுங்காலமாக வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வாகனத்தை உயர்த்தி, டேர்போவிலிருந்து சைலன்சர் வரை டோர்ச் அடித்துப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, குழாயில ஒரு ஓட்டையும் இல்லையே, சென்சரை எங்க பூட்டினவங்கள்?”

எங்குமே பூட்டியிருக்கவில்லை. கேஜின் பின்னாலிருந்து வந்த வயர், காலடி விரிப்புக்குக் கீழால் சென்று, வாகனத்தின் பழைய சென்சரிலிருந்து கணினிக்குப் போகும் வயரில் முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றப்பட்டிருந்தது. பெரியவர் அந்த முறுக்கைப் பிரித்தார். பிறகு சுவரில் நின்றுபோயிருந்த மணிக்கூட்டிலிருந்து செத்த பற்றரியைக் கழற்றி, மீற்றரில் அளந்து காட்டினார்: 0.91 வோல்ட். அதன் ஒரு முனையை வாகனத்தின் உடலிலும் மறுமுனையைக் கேஜின் வயரிலும் வைத்தார். எஞ்சின் அணைந்திருக்க, 11.8 என்று கேஜ் நீலமாகக் காட்டியது. பழைய சென்சர் போய் உட்காரும் 0.9 வோல்ட்டைத்தான் கேஜ் 11.8 ஆக மாற்றிக் காட்டியிருக்கிறது. ஒன்பது வாரம் நான் பார்த்து நிம்மதியடைந்த எண் அதுதான். அதைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்துக்கொண்டேன்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியபோது மூன்றாவதின் வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியதுபோல் நுண்ணிய அலுமினியத் துகள்கள் ஒட்டியிருந்தன. அவை பிஸ்டனிலிருந்து வந்தவை. கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், மற்ற மூன்றிலும் 150 பி.எஸ்.ஐ.-ஐ ஒட்டியிருக்க, அதில் 90. எஞ்சினைத் திறந்தபோது பிஸ்டனில் ரிங் அமரும் விளிம்பு பிளந்திருந்தது. பஞ்சிகாவத்தையில் பிஸ்டன் தேடி அலைந்த கதை தனிப் பதிவுக்குரியது. மொத்தச் செலவு 340,000 ரூபாவைத் தாண்டியது.

பிறகு அதே பெரியவர் வைட்பேண்ட் கேஜை முறையாகப் பூட்டினார், நான் பக்கத்திலேயே நின்றேன். டேர்போவின் வாயிலிருந்து முக்கால் மீற்றர் தள்ளி, புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்கு முன்னால் வளையத்தை வெல்டிங் செய்தார். டேர்போவுக்கு மிக அருகில் வைத்தால் வெப்பம் சென்சரைத் தின்றுவிடும். சென்சரைக் கிடையாகவோ தலைகீழாகவோ வைக்காமல் மேற்பக்கம் சாய்த்து வைத்தார், காலையில் குழாயில் தேங்கும் நீர் அதன்மேல் படக்கூடாது என்பதற்காக. வயர் நீளமாக இருந்தும் சென்சரின் இணைப்பானை வெட்ட அவர் சம்மதிக்கவில்லை, ஏனெனில் ஒவ்வொரு சென்சருக்கும் தொழிற்சாலையில் சரிசெய்த மின்தடை அந்த இணைப்பானுக்குள்ளேயே இருக்கிறது. முதல் ஓட்டத்தில் மெதுவாக பூஸ்ட் ஏற்றியபோது கேஜ் 13.3 காட்டியது, உடனே அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். பெற்றோல் பம்ப் வலுவிழந்திருந்தது. அதை மாற்றிய பின் 11.6-க்கும் 11.9-க்கும் இடையில் அசைந்துகொண்டிருக்கிறது. சுற்றுக்கேற்ப மாறும் அந்த அசைவைப் பார்ப்பதே இப்போது நிம்மதியாக இருக்கிறது.

பழைய கராஜுக்குத் திரும்பிப் போனேன். “கேஜ் எண் காட்டுது தானே அண்ணே” என்பதுதான் பதில். சென்சர் எங்கே என்று கேட்டபோது, பற்றுச்சீட்டில் சென்சர் என்று எழுதியிருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்கள். இறுதியில், வெளியில் பேசாவிட்டால் 20,000 ரூபா திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நான் பதினோராவது வாரத்தில் கொடுத்தேன், இன்னும் இரண்டு மூன்று வாரம் தயங்கியிருந்தால் காலம் கடந்திருக்கும். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. கேட்டால் விவரமான பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. சென்சரின் மாதிரி இலக்கமும் வெல்டிங் வேலையும் தனித்தனி வரியாக எழுதப்படும்வரை காசைக் கொடுக்காதீர்கள். வாகனத்தை உயர்த்தச் சொல்லி, புதிய வெல்டிங் வளையத்தையும் அதில் திருகிய சென்சரையும் கண்ணால் பாருங்கள். வீட்டில் மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் சாவியைத் திருப்பி, கேஜ் எண் காட்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எண்ணுங்கள்.

முறைப்பாட்டுடன் பற்றுச்சீட்டின் பிரதியையும், பிளக்கின் படத்தையும், மணிக்கூட்டுப் பற்றரியால் கேஜ் 11.8 காட்டும் காணொளியையும் இணைத்திருக்கிறேன். பற்றரியைப் பெரியவர் எனக்கே தந்துவிட்டார். விசாரணைக்கு அழைப்பு வந்தால் அதையும் கேஜையும் கொண்டுபோய் மேசையில் வைப்பதற்காக ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.