டீ சுமார், தேங்காய் பன் அருமை, அண்ணனின் பற்று நோட்டு அதைவிட அருமை

இந்தப் பேக்கரிக்கு 1999-லிருந்து போய்வருகிறேன். இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றியதில்லை. போன வாரம் அங்கே நான் ஒரு விஷயத்தில் அசடு வழிந்தேன், அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் திருப்பூர், கோயமுத்தூர் எங்கே போனாலும் டீ குடிக்கப் "பேக்கரிக்குப் போலாம்" என்றுதான் கூப்பிடுவார்கள். கேக் வாங்க வருகிறவர் பத்தில் ஒருத்தர் இருந்தால் அதிகம், மற்றவர்கள் எல்லாம் டீக்கும் பப்ஸுக்கும் வருகிறவர்கள். அவிநாசி ரோட்டில் அனுப்பர்பாளையம் தாண்டுவதற்கு முன்னால் இடது கைப் பக்கம் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப் பலகை இருந்தது, வெயிலில் வெளுத்து இப்போது எழுத்து தெரியாது. பாத்திரப் பட்டறைக்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும்தான் வாடிக்கை.

டீ சுமார் ரகம். காலை ஆறு மணிக்குப் போனால் நன்றாக இருக்கும், பதினோரு மணிக்கு மேல் டிகாஷன் கசந்துவிடும், "சக்கரை கம்மி" என்று சொன்னாலும் டீ போடுகிறவர் கை அவர் கைதான். முட்டை பப்ஸ் வேண்டாம், மேலே பொறுபொறு என்று இருந்தாலும் உள்ளே சில்லிட்டிருக்கும். தேங்காய் பன்னுக்கு மட்டும் நான் ஜாமீன். இங்கே கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவைத்துக் காய விடுவதில்லை, பின்னால் அடுப்பிலிருந்து தட்டு தட்டாக வரும். பிய்த்தால் தேங்காய்த்துருவலும் டூட்டி ஃப்ரூட்டியும் இலை மாதிரி பிரியும், சீனி உருகி அடியில் கொஞ்சம் கருகி ஒட்டியிருக்கும், அந்தக் கருகல்தான் விசேஷம். டீயில் முக்காமல் தனியாகச் சாப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2001 செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை. அப்போது நான் எதிரே இருந்த பனியன் கம்பெனியில் செக்கிங்கில், அதாவது தைத்த துணியில் குறை பார்க்கிற வேலையில் இருந்தேன். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற காலம், காலை எட்டரைக்கு ஏறினால் இரவு எட்டரைக்குத்தான் இறங்குவோம், நடுவில் சாயங்காலம் ஆறு மணிக்கு டீ. நியூயார்க்கில் காலை 8.46-க்கு முதல் விமானம் மோதியபோது நமக்கு மாலை 6.16, சரியாக எங்கள் டீ நேரம். இருபது வருஷத்துக்கு மேலாக நான் எல்லோரிடமும் சொல்லிவருவது இதுதான்: இந்தக் கடையில், ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்த டீவியில், கையில் டீ கிளாஸோடு நின்று முதல் விமானம் கட்டடத்தில் மோதுவதை நேரடியாகப் பார்த்தேன். என் கல்யாணத்துக்கு முன்னால் சம்சாரத்திடம் சொன்னேன், அப்புறம் பிள்ளைகளிடம் சொன்னேன். போன வாரம் பையனைக் கடைக்குக் கூட்டிப்போய், "இந்த இடத்துலதான் நின்னேன்" என்று விரலால் காட்டி மறுபடியும் சொன்னேன்.

கல்லாவில் இருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். தாராபுரம் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். "ஏனுங் தம்பி, அன்னைக்கு இங்க டீவியே கெடையாதுங்களே" என்றார்.

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. டீவி வாங்கியது 2003 உலகக்கோப்பை கிரிக்கெட்டுக்காம். ஆஸ்திரேலியாவிடம் ஃபைனலில் தோற்ற அன்று யாரோ கோபத்தில் பெஞ்சை உதைத்து, ஒரு கால் உடைந்து, இன்னும் அதற்குச் செங்கல்தான் முட்டு. செங்கல்லைக் காட்டினார். "அன்னைக்கு பக்கத்து வீட்டுப் பொடியன் ஓடியாந்து, அமெரிக்காவுல பிளேன் உளுந்துருச்சுன்னு சொன்னானுங். நீங்க எல்லாரும் அவங்க வீட்டு வாசப்படில நின்னுதான் எட்டிப் பார்த்தீங்க."

வீட்டுக்கு வந்து தேடினேன். முதல் விமானம் மோதியதை அன்று எந்த டீவியும் நேரடியாகக் காட்டவேயில்லை. நியூயார்க் தீயணைப்பு வீரர்களைப் பற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் கேமராவில் அது தற்செயலாகச் சிக்கியது, டீவிக்கு வந்தது பிறகுதான். மோதிய கட்டடம் எரிவதைக் காட்டிக்கொண்டிருந்தபோது, நமக்கு 6.33-க்கு, இரண்டாவது விமானம் மோதியதைத்தான் உலகம் நேரடியாகப் பார்த்தது. மனசுக்குச் சமாதானமாக இருந்த ஒரே விஷயம், இதே தப்பை ஜார்ஜ் புஷ்ஷும் செய்திருக்கிறார். ஃப்ளோரிடாவில் பள்ளிக்கூட வகுப்புக்குள் போவதற்கு முன்னால் முதல் விமானம் மோதியதை டீவியில் பார்த்ததாக அதே வருஷம் டிசம்பரில் ஒரு கூட்டத்தில் சொன்னார். அமெரிக்க ஜனாதிபதிக்கே அந்த நிலைமை என்றால் செக்கிங் பையனுக்கு என்ன.

இதை ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், உல்ரிக் நைசர் என்ற உளவியல் பேராசிரியர் கல்லூரி மாணவர்கள் 106 பேரிடம் "செய்தி கேட்டபோது எங்கே இருந்தாய்" என்று எழுதி வாங்கிவைத்தார். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டபோது, கால்வாசிப் பேர் சொன்னது முழுக்கத் தப்பு. அவர்கள் கைப்பட எழுதியதைக் காட்டிய பிறகும் பழைய ஞாபகம் திரும்பவில்லையாம்.

எனக்கும் கைப்பட எழுதியது ஒன்று காத்திருந்தது, ஆனால் கை அண்ணனுடையது. மறுநாள் போனபோது மைதா மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே நீள நீளமான பற்று நோட்டுகள், வருஷத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, ஓரத்தில் வெண்ணெய்க் கறை. 2001 நோட்டில் 11-9 பக்கத்தை எடுத்து விரலை வைத்தார்: "செக்கிங் தம்பி, 2 டீ, 1 பன், 7.00". டீ அப்போது ஒன்றரை ரூபாய் என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன், இரண்டு ரூபாயாம், அதிலும் மண். ஆனால் அந்த "2 டீ" எனக்குப் பிடித்துக்கொண்டது. ஆறு மணி டீக்கு எனக்குப் பதினைந்து நிமிஷம்தான் நேரம், ஒரு டீதான் கணக்கு. இரண்டு குடித்திருக்கிறேன் என்றால் அன்று வெகுநேரம் திரும்பிப் போகவில்லை. முதலாளியே கீழே இறங்கி வந்து, எங்களைத் திட்டாமல், "நம்ம சரக்கு எப்பிடிப்பா போவும்" என்று கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதுவாவது நிஜமா என்று நோட்டில் பார்க்க முடியாது.

2004 நோட்டையும் கேட்டு வாங்கினேன். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி லீவு, கடன் சொல்கிறவர்கள் வரமாட்டார்கள், அதனால் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. அப்போது கடையோடு ஒட்டி எஸ்டிடி பூத்தும் வைத்திருந்தார், ஊருக்குப் பேச நினைக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் நிலநடுக்கம் வந்தது நம் நேரம் காலை ஆறரைக்கு, அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேலானது. நான் கடைக்குப் போனபோது பத்து இருக்கும் (இருக்கும் என்றுதான் இனிமேல் சொல்ல வேண்டும்). சுனாமி என்ற வார்த்தை யாருக்கும் தெரியாது. "கடல் ஊருக்குள்ள வந்துருச்சாம்" என்றார்கள். ராமேஸ்வரம் போனபோது கால் நனைத்ததோடு சரி என்கிற எங்களுக்கு அதற்கு என்ன அர்த்தம் என்றே பிடிபடவில்லை. பவர் டேபிளில் (தையல் மெஷின் வரிசையில்) டெய்லருக்குக் கையாளாகக் கைமடிக்கிற ஒரு பெண் மட்டும் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று நாகப்பட்டினத்துக்கு நம்பர் போட்டுக்கொண்டே இருந்தாள். ரிசீவரை வைப்பாள், எடுப்பாள், போடுவாள். மீட்டரில் சிவப்பு எண் ஏறவேயில்லை, லைன் கிடைத்தால்தானே ஏறும். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

நோட்டில் அந்த ஒரு வரி: "நாகப்பட்டணம் பொண்ணு, போன்". அதற்கு எதிரே சின்னச் சின்னக் கோடுகள், நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு. எண்ணினேன், முப்பத்தொன்று. தொகை எழுத வேண்டிய இடம் காலி. கிடைக்காத காலுக்கு எதற்குக் கோடு போட்டீர்கள் என்று கேட்டேன். "சும்மா உக்காந்திருந்தேன், எண்ணிட்டு இருந்தேனுங்" என்றார். அந்தப் பெண் அன்று ராத்திரியே பஸ் ஏறியவள், திரும்பி வேலைக்கு வரவில்லை. யாருக்கும் வேறு எதுவும் தெரியாது.

மூன்றாவது ஞாபகத்தைக் கேட்கப் பயமாகவே இருந்தது. 2013 ஏப்ரல் 24, புதன்கிழமை. டாக்கா பக்கத்தில் சவாரில் ராணா பிளாசா இடிந்த நாள். எட்டு மாடி, உள்ளே ஐந்து ஆடைக் கம்பெனிகள். முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டது, கீழ் மாடியில் இருந்த பேங்க் தன் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது, தையல்காரர்களை மட்டும் மறுநாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். கரண்ட் போய், மேல் மாடியில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கட்டடம் உட்கார்ந்துவிட்டது. 1,134 பேர். அவர்கள் ஷிப்ட் ஏறிய நேரம் ஏறக்குறைய நாங்கள் ஏறிய நேரம், நமக்கும் அவர்களுக்கும் அரை மணிதான் வித்தியாசம். பதினேழாவது நாள் ஒரு பெண்ணை உயிரோடு எடுத்தார்கள்.

இதில் என் ஞாபகம் என்ன என்றால், பதினோரு மணி டீக்குக் கடையில் நிற்கிறோம், டீவியில் கீழே ஒரு வரிச் செய்தியாக ஓடுகிறது, அடுத்த நிமிஷம் கரண்ட் கட். அந்த வருஷம் கரண்ட் இருந்ததைவிட இல்லாததுதான் அதிகம், திருப்பூரே டீசலில் ஓடியது. எதிரே எங்கள் கம்பெனி ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது, கண்ணாடிப் பெட்டி மேல் வைத்த டீ கிளாஸில் வட்டம் வட்டமாக அலை ஓடியது, நாங்கள் நாலைந்து பேரும் ஒரே நேரத்தில் எங்கள் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தோம். ஓவர்லாக் மெஷினில் தைக்கிற அக்கா ஒருத்தர், "நம்முளுது ரெண்டு மாடிதான்" என்றார். யாரும் எதுவும் கேட்காமலே சொன்னார்.

ஆனால் அங்கே ஜெனரேட்டர் ஓடியது எனக்குத் தெரிய வந்ததே ஒரு வாரம் கழித்துப் பேப்பரில். அப்படியானால் அன்றைக்கே எதற்கு எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம்? பிறகு படித்ததை நானே கொண்டுபோய் அந்தக் காலையில் ஒட்டிவிட்டேனா? அண்ணனைக் கேட்டேன். "கரண்ட் போனதெல்லாம் நோட்டுல எப்பிடிங் இருக்கும்" என்றார். நியாயம்தான்.

மற்றபடி கடையைப் பற்றி: உட்கார இரண்டு பெஞ்சுதான், செங்கல் முட்டுக் கொடுத்த பெஞ்சில் ஓரமாக உட்காராதீர்கள். தண்ணீர் கேன் வைத்திருக்கிறார்கள், டம்ளர் ஒன்றே ஒன்று. பைக் நிறுத்த இடமில்லை, பட்டறை வாசலில் நிறுத்தினால் திட்டு வாங்குவீர்கள். டீவி சத்தம் அதிகம், நாள் முழுக்கச் செய்தி சேனல், எதற்கெடுத்தாலும் சிவப்புப் பட்டையில் அவசரச் செய்தி, அதைக் குறைக்கச் சொன்னால் ரிமோட் காணோம் என்பார்கள். டீ பதினைந்து ரூபாய், பன் இருபது. தேங்காய் பன் நாலு மணிக்கு மேல் கிடைக்காது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம், அரை மார்க் பன்னுக்காகச் சேர்த்தது.

கிளம்பும்போது அண்ணன் 2001 நோட்டை மூடவில்லை. "தம்பி, அந்த வாரம் பதினெட்டு ரூபா நிக்குதுங்" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. ஜிபேயில் போட்டேன். கல்லா மேல் இருந்த பெட்டி கடை முழுக்கக் கேட்கிற மாதிரி பதினெட்டு ரூபாய் வந்துவிட்டதாகச் சொன்னது, அண்ணன் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.