"வாடகையில கழிச்சுக்கலாம்" என்று ஹவுஸ் ஓனர் சொன்னால் உஷார்

சென்னை ஆதம்பாக்கத்தில் நாங்கள் காலி செய்த வீட்டுக்கு மறுபடி டூலெட் போர்டு மாட்டிவிட்டார்கள். ஆன்லைனில் படமும் போட்டிருக்கிறார்கள். பின்பக்க அறையின் சீலிங் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஓனர் பெயரும் தெருப் பெயரும் எழுதப் போவதில்லை. இதே மாதிரி ஆள் எந்த ஏரியாவிலும் இருப்பார், அதனால் நடந்ததைத் தெரிந்துகொண்டால் போதும்.

மாடி போர்ஷன், இரண்டு பெட்ரூம். வாடகை 16,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். வீடு பார்க்கப் போனபோது பெயிண்ட் வாசனை தூக்கலாக இருந்தது. "உங்களுக்காகத்தான் அடிச்சு வெச்சிருக்கேன் தம்பி" என்றார். ஹாலில் பழைய ஆணி ஓட்டைகள் அப்படியே இருந்தன. சமையலறைச் சுவரில் எண்ணெய்க் கறை. புதுப் பெயிண்ட் பார்த்த இடம் ஒன்றே ஒன்றுதான், பின்பக்க அறையின் சீலிங். ஒரு வீட்டில் ஒரே ஒரு சீலிங்குக்கு மட்டும் பெயிண்ட் அடித்திருந்தால் அது அழகுக்காக அடித்ததல்ல என்று எங்கள் கொத்தனார் பிற்பாடு சொன்னார். வீடு தேடுகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் அந்த வெள்ளையில் பழுப்பு வட்டம் வந்தது. பெயிண்ட் கொப்புளித்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. போன் செய்தேன். "மழைக்காலத்துல எல்லா வீட்லயும் ஓதம் இருக்கத்தான் செய்யும். இப்ப பூசினா நிக்காது. தை பொறக்கட்டும், ஆளை அனுப்பறேன்." நியாயமாகத்தான் பட்டது. தை பிறந்து, மாசி போய், வெயிலும் வந்தது. ஞாபகப்படுத்தினால், "இப்பதான் காஞ்சிடுச்சே தம்பி, எதுக்கு வீணா கையை வெக்கணும்?" என்றார். ஈரமாக இருந்தால் வேலை செய்ய முடியாது, காய்ந்துவிட்டால் வேலையே தேவையில்லை. இந்தக் கணக்கில் அந்த சீலிங்குக்கு விடிவு காலமே கிடையாது.

அடுத்த மழையில் காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, வாஷிங் மெஷின் மேல் விழுந்தது. மூடி நசுங்கியதோடு சரி. விழுந்த இடத்தில் கம்பி தெரிந்தது, துருப்பிடித்துத் தோல் தோலாக உரிந்து. போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. "பயப்படாதீங்க. நம்ம ஆளு ஊருக்குப் போயிருக்கான். நீங்களே ஒரு ஆளை வெச்சுப் பண்ணிடுங்க, வாடகையில கழிச்சுக்கலாம்."

கொத்தனார் வந்து உளியின் கைப்பிடியால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் கணீரென்று கேட்டது. பல இடத்தில் பொத்து பொத்தென்று. "கேக்குதா சார்? இதெல்லாம் கம்பியை விட்டுட்டு சும்மா நிக்குது." அறையில் பாதிக்கு மேல் அப்படித்தான். தளர்ந்ததைக் கொத்தி எடுத்தபோது உள்ளே பெருவிரல் தடிமனுக்கு வெறும் வால் புட்டி, பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசுகிற பசை. யாரோ துருவைக்கூடச் சுரண்டாமல் புட்டியை அப்பி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எங்களுக்கு முன்பு குடியிருந்தவர்களும் இதே காரணத்துக்காகத்தான் போனார்கள் என்று கீழே இஸ்திரி வண்டிக்காரர் சொன்னார். ஆக, ஓனருக்கு எல்லாம் தெரியும்.

கொத்தனார் விளக்கியது இதுதான். மொட்டை மாடியில் தட்டோடுகளின் இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் தளத்துக்குள் இறங்குகிறது. மழைநீர்க் குழாயின் வாய் அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் அங்கேயே தேங்கியும் நிற்கிறது. கம்பி துருப்பிடித்தால் உப்பும். துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும், அந்த நெருக்கலில்தான் அடியில் இருக்கும் கான்கிரீட் பிளந்து விழுகிறது. கீழே எத்தனை முறை பூசினாலும், மேலே தண்ணீரை நிறுத்தாதவரை நிற்காது. எனவே முதலில் மாடியில் இணைப்புகளை அடைத்து வாட்டர்ப்ரூஃப் பூச்சு. பிறகு கீழே கம்பியை பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு தடுக்கும் கெமிக்கல் அடித்து, பாலிமர் கலந்த கலவையில் பூச்சு. கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 22,400 ரூபாய் ஆனது. பில்களையும் படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

இந்த மனிதரின் சாமர்த்தியம் அதில்தான் இருக்கிறது. அவர் எழுத மாட்டார். எவ்வளவு நீளமாக மெசேஜ் அனுப்பினாலும் பதில் போனில்தான் வரும், அதுவும் அன்பாக, குழந்தை எப்படி இருக்கிறான் என்ற விசாரிப்போடு. அடுத்த மாதம் வாடகையில் கழிக்கப் போனபோதும் அப்படித்தான். "மாசாமாசம் கழிச்சா கணக்கு குழம்பிடும் தம்பி. காலி பண்றப்ப அட்வான்ஸோட சேர்த்து மொத்தமா குடுத்துடறேன்." வாடகையில் கழிப்பது என்றால் பணம் நம் கையில் இருக்கிறது. அட்வான்ஸோடு சேர்ப்பது என்றால் அதுவும் அவர் கைக்குப் போய்விட்டது. இந்த ஒரு போன் காலில் முழு ஆட்டமும் மாறிவிடுகிறது.

மகனின் பள்ளிக்காக வேறு ஏரியாவுக்கு மாறினோம். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, கரண்ட் பில் பாக்கி இல்லாமல் சாவியைக் கொடுத்தோம். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய கணக்கு ஒன்றை நீட்டினார். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை, 16,000. அதற்குக் கீழே "சீலிங் டேமேஜ் 14,000". என்ன டேமேஜ் என்று கேட்டால், சரியில்லாத ஆளை வைத்துக் கொத்தி சீலிங்கையே கெடுத்துவிட்டோமாம், அவர் திரும்பச் செய்ய வேண்டுமாம். என் மனைவி சிரித்தே விட்டாள். 22,400 பற்றிப் பேச்சே இல்லை. கையில் வந்தது 70,000. கணக்குப் பார்த்தால் 52,400 ரூபாய் போயிற்று.

வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். அவர் சொன்னதில் எல்லோருக்கும் பயன்படுவதை மட்டும் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதன் அட்டவணையில் எந்த ரிப்பேர் யார் தலையில் என்று பிரித்தே போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த ரிப்பேர், வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனருடையது. குழாய் வாஷர், சுவிட்ச், அடைப்பு எடுப்பது, பூட்டு, கைப்பிடி போன்றவை குடியிருப்பவருடையது. ஓனர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இழுத்தடித்தால், நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும், நியாயமான பாக்கியைத்தான் பிடிக்கலாம்.

இவ்வளவும் இருந்து என்ன, ஒப்பந்தத்தை எழுதிப் பதிந்திருந்தால்தான் ரென்ட் அத்தாரிட்டியிடம், அதாவது இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தங்களைப் பதியும் அரசு அதிகாரியிடம், தைரியமாகப் போக முடியும். 11 மாத அக்ரிமென்ட் போட்டால் பதிவே வேண்டாம் என்று புரோக்கர்கள் இன்னமும் சொல்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்கிற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குத்தான் அந்தக் கணக்கு சரி. புதுச் சட்டத்தில் 11 மாதமானாலும் ரென்ட் அத்தாரிட்டியிடம் பதிய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். எங்கள் ஓனரிடம் ஆரம்பத்திலேயே கேட்டோம். "அதெல்லாம் எதுக்கு தம்பி, நாம என்ன கோர்ட்டுக்கா போகப் போறோம்?" என்றார். இப்படிச் சொல்கிறவர் வீட்டுக்குக் குடிபோகாதீர்கள் என்று சொல்ல ஆசைதான். சென்னையில் வீடு கிடைக்கிற லட்சணத்தில் அந்த அறிவுரை யாருக்கும் உதவாது.

அதனால் இப்போது நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். போனில் ஓனர் எதை ஒப்புக்கொண்டாலும், போனை வைத்தவுடன் அதையே மெசேஜாக அனுப்புங்கள்: "சார், இப்போது பேசியபடி சீலிங் வேலையை நான் செய்கிறேன், 22,400 ரூபாயை அடுத்த இரண்டு மாத வாடகையில் கழித்துக்கொள்கிறேன்." தொகையும் மாதமும் அதில் இருக்க வேண்டும். சொன்னபடி அந்த மாதமே கழித்தும் விடுங்கள், "அப்புறம் பார்க்கலாம்" என்பதற்கு இடமே வேண்டாம். அப்புறம், அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடும் முன் "காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். டைப் அடித்து வைத்திருக்கும் ரெடிமேட் படிவங்களில் அது தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். எங்களுடையதில் அந்த வரி இல்லை, அப்படியும் பிடித்துக்கொண்டார் என்பது வேறு கதை.

போன மாதம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். எழுதவே எழுதாத மனிதரிடமிருந்து ரிஜிஸ்டர் தபாலில் பதில் வந்தது. சீலிங்கில் கை வைக்க எனக்கு அவர் அனுமதியே தரவில்லையாம், செலவு விவரம் எதுவும் அவருக்குத் தெரியவே தெரியாதாம். பில்லுக்குக் கீழே அவர் போட்ட கட்டைவிரலை, தேதி தெரியும்படி வக்கீல் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார்.