அருவிக்கு மேலே பறப்பதா, அடியில் நனைவதா?

பள்ளி விடுமுறை வந்தால் போதும், மலேசியாவின் தாப்பாவில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் 'பிளையிங் பாக்ஸ்' (கம்பியில் தொங்கிப் பறப்பது) என்று நச்சரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அருவிக்கு மேல் பறக்க லங்காவித் தீவில் தெலாகா துஜோ அருவி இருக்கிறது. ஆனால் அலோர்ஸ்டார் வரை ரயில், கோலகெடாவிலிருந்து பெர்ரி, ஓர் இரவுத் தங்கல், அதற்குமேல் பறக்கும் கட்டணம்! ஒரு குடும்பத்தின் மாதச் சேமிப்பே கரைந்துவிடும்.

அடியில் நனைய லாத்தா இஸ்கண்டார் அருவிக்கோ 59-ஆம் எண் சாலையில் கேமரன் மலைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் ஏறினால் போதும். நுழைவுக் கட்டணம் கிடையாது. கட்டுச்சோறு கொண்டுபோகலாம்.

பறக்கும் சுகம் வேறுதான், மறுக்க மாட்டேன். தலைக்கு மேல் கப்பி 'சர்ர்' என்று உருள, காலடியில் மரமுடிகள் ஓடும். அந்தச் சில நொடிகளுக்கு ஈடு கிடையாது. எடை குறைந்த பிள்ளைகள் மட்டும் சில நேரம் பாதிக் கம்பியிலேயே நின்றுவிடுவார்கள். வழிகாட்டி வந்து இழுத்துச் செல்வார். இடி மின்னல் என்றால் பறக்கவே விடமாட்டார்கள்.

அருவியில் அப்படித் தடுக்க ஆள் கிடையாது. மலை உச்சியில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே 'கெப்பாலா ஆயர்' எனும் திடீர் வெள்ளம் பாய்ந்து வரும். தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் அதுதான் அறிகுறி. துண்டை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறிவிட வேண்டும்.

இந்த விடுமுறைக்கு நான் லாத்தா இஸ்கண்டாரையே சொல்வேன், அதுவும் காலையில். லங்காவிக்கு உண்டியலில் சேர்க்கத் தொடங்கிவிட்டோம்.