வார்ஃபரினா, புது மாத்திரையா: மறதி தொடங்கிய பெருசுகளுக்கு எது?

சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் ஒரு பெரியவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்று டாக்டர் சொன்னால் வீடே பயப்படுவது பக்கவாதத்துக்குத்தான். நியாயம்தான், ஆபத்து சுமார் 5 மடங்கு. ஆனால் கூடவே வரும் மறதியை 'வயசாச்சுல்ல' என்று விட்டுவிடுகிறோம். இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகி, அதிலிருந்து துணுக்குகள் மூளைக்குப் போகலாம். கை கால் இழுக்காது, வாய் கோணாது, ஸ்கேனில்தான் தழும்பு தெரியும். இப்படிச் சேரும் தழும்புகளாலும் மறதி வரலாம். ரத்தம் உறையாமல் தடுக்கத்தான் வார்ஃபரின் என்ற பழைய மாத்திரையும், ரிவரோக்ஸபான், டபிகாட்ரான் போன்ற புது மாத்திரைகளும்.

புது மாத்திரைதான் மூளைக்கு நல்லது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். 2018-இல் வந்த சுவீடன் ஆய்வு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தது. இந்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிட்டவர்களிடம் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், 29% குறைவு, ஆனால் பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் இல்லை. பதிவேட்டுக் கணக்கு என்பதால் மருந்தேதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. மூளைக்குள் ரத்தக்கசிவு மட்டும் புது மாத்திரைகளில் ஏறக்குறைய பாதிதான், எனக்கு அது பெரிய விஷயம். ஆஸ்பிரினை இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம்.

அப்புறம் வீட்டு நிலவரம். வார்ஃபரினுக்கு ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண், 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும், அதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை, பஸ், வரிசை. முருங்கைக்கீரை, கங்கோங் எல்லாம் சாப்பிடலாம், ஆனால் ஒரு வாரம் கட்டுக்கட்டாக, மறு வாரம் ஒன்றுமே இல்லை என்றால் அந்த எண் ஆடும்; சின்சே (சீன வைத்தியர்) கடை மருந்தும் ஆட்டிவிடும். திங்கள், புதனுக்கு ஒரு அளவு, மற்ற நாளுக்கு வேறு அளவு என்று எழுதிக் கொடுத்தால், காலையில் கோப்பி குடித்ததே நினைவில்லாத தாத்தா என்ன செய்வார்? ஆனால் வார்ஃபரினில் ஒரு வசதி, அவர் மாத்திரையை விழுங்குகிறாரா இல்லையா என்பதை ஐஎன்ஆர் காட்டிக்கொடுத்துவிடும். புதியவற்றில் அந்த வசதி இல்லை, ஒரு நாள் தவறினாலே பாதுகாப்பும் போய்விடும்.

அதனால் பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருந்தாலும், வேளைக்கு எடுத்துக் கொடுக்க ஒரு மருமகளோ பேத்தியோ இருக்கிற வீட்டுக்கு என் ஓட்டு புதுசுக்கே. ரிவரோக்ஸபான் என்றால் நாளுக்கு ஒரு வேளை, சாப்பாட்டோடு. டபிகாட்ரான் கொடுத்தால் அதை மட்டும் கிழமை எழுதிய பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்துப் போடாதீர்கள், ஈரம் பட்டால் கெட்டுவிடும். அதன் அட்டையிலேயே இருக்கட்டும். யாராக இருந்தாலும், சர்க்கரைக்காரர் என்றால் இன்னும் கவனமாக, சிறுநீரகத்தையும் பார்த்துத்தான் அளவு முடிவாகும். இதயத்தில் உலோக வால்வு வைத்தவருக்கும், மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவருக்கும் இந்தப் பேச்சே கிடையாது, வார்ஃபரின்தான்.