வன்னிக் கடைகளில் கியூஆர் கொடுக்கல் வாங்கல்: பாவித்துப் பார்த்ததில் தெரிந்தவை

கிளிநொச்சிச் சந்தையிலோ வவுனியா ரவுனிலோ கல்லாவுக்குப் பக்கத்தில் லங்கா கியூஆர் (எல்லா வங்கிகளுக்கும் பொதுவான ஸ்கேன் குறி) அட்டை இருப்பது இப்போது புதினமில்லை. எந்த வங்கிச் செயலி என்றாலும் அதே அட்டையில் காசு கட்டலாம். 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியாவின் போன்வழிக் காசு கட்டும் முறையான யூபிஐயும் இதில் வேலை செய்கிறது. வசதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சிக்னல் இருந்தால்.

முல்லைத்தீவு உட்கிராமங்களில் அதுதான் சிக்கல். காசு கட்டும்போது திரை சுற்றிக்கொண்டே நிற்கும்; ஆள் பொறுமையில்லாமல் திரும்ப அமத்த, இரண்டு தரம் கழிபடும். மறுபடி அமத்த முன்னம் செயலியின் கொடுக்கல் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

கூடுதலாக ஏமாறுவது ஸ்கிரீன்ஷொட்டில்தான். நெல் மூட்டையை லொறியில் ஏற்றிவிட்டு, "காசு போட்டாச்சு" என்று போனை நீட்டுவார்கள். அந்தப் படம் பழையதாக இருக்கலாம், திருத்தியதாக இருக்கலாம், நாளைய திகதிக்கு வைத்த கட்டளையாகவும் இருக்கலாம். வங்கிக்கு வங்கி காசு மாற்றும் செஃப்ட்ஸ் வழியாக வரும் காசு வழமையாக உடனேயே கணக்கில் விழும். வங்கிப் பெயரில் வரும் குறுஞ்செய்தியையும் முழுதாக நம்பேலாது, அனுப்புநர் பெயரைப் போலியாக வைக்க முடியும். உங்கள் செயலியில் மீதி ஏறியதைப் பார்த்த பிறகே லொறி வெளிக்கிடட்டும்.

வெளியில் ஒட்டிய அட்டைக்கு மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டினால் காசு வேறு கணக்குக்குப் போகும். காலையில் கடை திறந்ததும் ஒருக்கா ஸ்கேன் பண்ணி, வரும் பெயரை வாசியுங்கள்.

வெளிநாட்டுக் காசு வாங்கும் வயதானவர்கள் பின் இலக்கத்தைப் போன் உறைக்குள் எழுதி வைத்துவிட்டு, ரீலோட் கடையில் போனைக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தச் செயலியின் பூட்டும் இதற்கு முன்னால் நிற்காது. காசு பெற ஓடிபி (போனுக்கு வரும் ஒருமுறைக் கடவு இலக்கம்) தேவையே இல்லை. கேட்பவன் எடுக்கத்தான் கேட்கிறான். சிம்முக்கும் பின் போடுங்கள், ஆனால் மூன்று தரம் பிழைத்தால் பூட்டிவிடும், அதைத் திறக்க சிம் நிறுவனத்தின் பியூகே இலக்கம் வேண்டும். வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்கப் பின் வையுங்கள்.

காசு போய்விட்டால் முதலில் வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்துங்கள், பிறகு கணினிப் பாதுகாப்பு முறைப்பாடுகளைப் பார்க்கும் ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு அழையுங்கள். பரிவர்த்தனை இலக்கமும் நேரமும் கேட்பார்கள், வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள். பொலிஸ் முறைப்பாட்டுக்கும் அவை வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்கானது. வங்கியின் அவசர இலக்கத்தைக் கல்லாப்பெட்டி மூடிக்குள் எழுதி ஒட்டி வையுங்கள். களவுபோவது போனாகவும் இருக்கலாம்.