நம்பத்தக்க கண் அறுவை மருத்துவரை அறிவது எப்படி: செயற்கை லென்ஸுடன் பல ஆண்டுகள் வாழ்ந்த அனுபவம்

கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் தம் மருத்துவரைப் பற்றிப் பேசும்போது, கட்டை அவிழ்த்ததும் கண்ட வெளிச்சத்தைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அந்த மகிழ்ச்சி எனக்கும் வாய்த்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரு கண்களிலும் புரை நீக்கிச் செயற்கை லென்ஸ் பொருத்திப் பல ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், ஒரு மருத்துவர் நம்பத்தக்கவர்தானா என்பதை முதல் நாள் பார்வையைக் கொண்டு முடிவு செய்ய இயலாது என்று உறுதியாகக் கருதுகிறேன். இன்றைய கண்புரை அறுவை பெரும்பாலோருக்கு நன்றாகவே முடிகிறது. மருத்துவருக்கு மருத்துவர் உள்ள வேறுபாடு, அறுவைக்கு முன்பு அவர் எதை அளந்தார், எதைக் கேட்டார், எதை வேண்டாம் என்றார், பின்னாளில் தொந்தரவு வந்தபோது கண்ணை யார் பார்த்தார் என்பவற்றில்தான் தெரிகிறது.

எனக்கு இளவயதிலிருந்தே கடுமையான கிட்டப்பார்வை உண்டு. புரை தொடங்கியிருப்பது தெரிந்ததும் இரண்டு இடங்களில் கருத்துக் கேட்டேன். முதல் இடத்தில், கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே, ஓர் ஆலோசகர் லென்ஸ் வகைகளையும் கட்டணத் தொகுப்புகளையும் விரித்துக் காட்டி, தூரம், அருகு இரண்டுக்கும் உதவும் மல்டிஃபோகல் லென்ஸ்தான் எனக்கு ஏற்றது என்றார். என் விழித்திரையை அதுவரை எவரும் பார்த்திருக்கவில்லை. இரண்டாவது இடத்தில் மருத்துவர் நெடுநேரம் பரிசோதித்துவிட்டு, புரை இருக்கிறது, ஆனால் கண்ணாடியின் பவரை மாற்றினால் இன்னும் சில காலம் வேலை தடைபடாது, இப்போது அறுவை தேவையில்லை என்றார்.

அந்த ஒரு வாக்கியமே அவரிடம் நான் திரும்பிப் போனதற்கு முதற்காரணம். அதே வேளையில், காலவரையின்றித் தள்ளிப்போடச் சொல்பவராகவும் அவர் இருக்கவில்லை. புரை முற்றிப் பழுத்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது பழைய அறுவை முறைகளின் காலத்துக் கருத்து; இன்று, படிப்பதற்கோ வண்டி ஓட்டுவதற்கோ அன்றாட வேலைக்கோ புரை தடையாகும்போது எடுப்பதே முறை என்று விளக்கினார். சார்லஸ் கெல்மன் 1967-இல் அறிமுகப்படுத்திய, மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் பாகோ முறையில், புரை மிகவும் கெட்டியாகிவிட்டால் கூடுதல் ஆற்றலைச் செலுத்த வேண்டியிருக்கும். அதனால் கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளிபுகும் படலத்தின், உட்புறச் செல்களுக்குச் சேதம் மிகும். அந்தச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. அவசரமும் தாமதமும் எவ்வாறு கெடுதல் செய்யும் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்பவரிடம் முடிவெடுப்பது எளிதாக இருந்தது.

இனி அளவீடுகள். இதைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நோயாளிகள் மிகக் குறைவாகக் கவனிப்பதும், பிற்காலப் பார்வையை மிகுதியும் தீர்மானிப்பதும் இதுதான். கண்ணுக்குள் வைக்கப்படும் லென்ஸின் பவரைக் கணக்கிட, கருவிழியின் வளைவும் கண்ணின் முன்பின் நீளமும் தெரிய வேண்டும். வயது வந்தவரின் கண் சராசரியாக 23.5 மி.மீ. அளவு நீளமுள்ளது. அந்த நீளத்தை அளப்பதில் 1 மி.மீ. பிசகினால், இறுதிப் பவர் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வரை தவறிவிடும். 1949-இல் லண்டனில் உள்ள செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்தியபோது, லென்ஸின் பவர் தேவைக்கு மேல் மிகுந்து, அந்த நோயாளி கடுமையான கிட்டப்பார்வைக்கு ஆளானார். லென்ஸ் கண்ணில் பொருந்தியது, கணக்குத்தான் பொருந்தவில்லை. இன்று ஒளிக்கற்றையால் கண்ணைத் தொடாமலே அளக்கும் கருவிகள் உள்ளன. கருவிழியைத் தொட்டு அளக்கும் பழைய மீயொலிக் கருவியில், அளப்பவர் சற்று அழுத்திவிட்டாலும் கண் குட்டையாகக் காட்டப்படும். ஆனாலும் புரை மிகவும் அடர்ந்திருந்தால் ஒளி ஊடுருவாது. அப்போது மீயொலி அளவீடுதான் கைகொடுக்கும். எந்தக் கருவியால் அளந்தார்கள், ஏன் அதைத் தேர்ந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

என் மருத்துவர் முதல் அளவீட்டை ஏற்கவில்லை. கண்ணின் மேற்பரப்பு வறண்டிருப்பதால் கருவிழி வளைவின் எண்கள் நிலையாக வரவில்லை என்று சொல்லி, வறட்சிக்குச் சில வாரங்கள் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு மீண்டும் அளந்தார். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அளவீட்டுக்கு முன் அதைச் சில காலம் நிறுத்த வேண்டும், அது கருவிழியின் வடிவத்தை மாற்றிவிடும் என்பதையும் அவரிடமே அறிந்தேன். கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியின் வளைவை லேசரால் மாற்றும் லேசிக் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வழக்கமான கணக்கு பிசகக்கூடும். அந்தச் சிகிச்சைக்கு முந்தைய பதிவுகள் இருந்தால் பெரிதும் உதவும். ஒரு நாளில் ஒரே மூச்சில் அளந்து, அன்றே தேதியும் குறித்துக் கொடுக்கும் வேகத்தைச் சிலர் வசதியாக எண்ணுகிறார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. எண்களில் ஐயம் வந்தால் மறுபடி அளப்பதற்கு நாள் ஒதுக்குபவரையே நான் நம்புவேன்.

அவர் கேட்ட கேள்விகளும் எனக்கு நம்பிக்கை அளித்தன. நீரிழிவு, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, கண்ணில் பட்ட பழைய அடி, மல்லாந்து படுப்பதில் சிரமம் ஆகியவற்றோடு, புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் மாத்திரை எப்போதாவது எடுத்ததுண்டா என்றும் கேட்டார். கண்ணுக்கும் அந்த மாத்திரைக்கும் என்ன தொடர்பு என்று பலரும் வியப்பார்கள். அது கண்மணியைச் சுற்றியுள்ள நிறமுள்ள திரையான ஐரிஸைத் தளர்த்தி, அறுவையின்போது அது துவண்டு, கண்மணி சுருங்கிவிடச் செய்யும். மாத்திரையை நிறுத்திவிட்டாலும் இந்த ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. முன்பே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ற மருந்தோடும் கருவியோடும் ஆயத்தமாக இருப்பார். கிட்டப்பார்வைக் கண்ணில் விழித்திரை பிரியும் ஆபத்து கூடுதல் என்பதால், விழித்திரையின் ஓரங்கள் வரை ஒளி பாய்ச்சிப் பார்த்து, நடுப்பகுதியை, விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் காட்டும் ஓசிடி கருவி மூலம் படமும் எடுத்தார். புரைக்குப் பின்னால் விழித்திரை பழுதடைந்திருந்தால் எத்தனை சிறந்த லென்ஸ் வைத்தாலும் பார்வை முழுமையாகத் திரும்பாது. அதை அறுவைக்குப் பின் கேட்டுத் தெரிந்துகொள்வது கொடுமையானது.

லென்ஸைத் தேர்ந்தெடுத்த உரையாடல் இன்றும் நினைவில் இருக்கிறது, அதன் பயனை நாள்தோறும் அனுபவிப்பதால். தூரப்பார்வைக்குக் கண்ணாடியே தேவைப்படாத அளவில் லென்ஸ் வைப்பதுதான் இயல்பான தேர்வு என்று எண்ணியிருந்தேன். அவரோ, "புத்தகம் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தானே படிக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஆம் என்றேன். கிட்டப்பார்வை உடையவர்கள் வாழ்நாள் முழுவதும் அருகில் உள்ளதை வெறுங்கண்ணால் பார்த்துப் பழகியவர்கள். தூரத்துக்கு மட்டும் லென்ஸ் வைத்துவிட்டால் அந்த வசதி ஒரே நாளில் போய்விடும், சிலரால் அதை ஏற்கவே முடிவதில்லை என்றார். சிந்தித்து, சிறிதளவு கிட்டப்பார்வை எஞ்சும்படியான, ஒரே குவியம் கொண்ட மோனோஃபோகல் லென்ஸைத் தேர்ந்தேன். வெளியே செல்ல மெல்லிய கண்ணாடி அணிகிறேன். வீட்டில் வெறுங்கண்ணால் படிக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் அந்த முடிவு குறித்து ஒருமுறைகூட வருந்தியதில்லை.

மல்டிஃபோகல் லென்ஸைக் குறை சொல்வது என் நோக்கமன்று. கண்ணாடியின்றி வாழ விரும்புபவர்களில் பலருக்கு அது நிறைவளிக்கிறது. ஆனால் அது ஒளியைப் பல குவியங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதால், இரவில் விளக்குகளைச் சுற்றி வளையங்கள் தோன்றலாம், மங்கலான வெளிச்சத்தில் துல்லியம் குறையலாம். விழித்திரை நோயோ முற்றிய கண் அழுத்த நோயோ உள்ளவர்களுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. இவற்றைச் சொல்லாமல் விலையுயர்ந்த லென்ஸே சிறந்த லென்ஸ் என்பது போலப் பேசும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். கருவிழியின் சமமற்ற வளைவால் வரும் சிலிண்டர் பவரைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸை விரும்புபவர்கள், அது கண்ணுக்குள் திரும்பிவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு பாகை திரும்பும்போதும் அதன் பயனில் ஏறத்தாழ 3 விழுக்காடு குறைகிறது. 30 பாகை திரும்பினால் பயன் முற்றிலும் போய்விடும்.

ஆபத்துகளைப் பற்றிய பேச்சில் மருத்துவரின் நேர்மை தெளிவாகத் தெரியும். "ஒன்றும் ஆகாது, பத்து நிமிட வேலை" என்பது ஆறுதலாக இருக்கலாம், பதிலாகாது. லென்ஸைத் தாங்கும் மெல்லிய பையின் பின்சுவர் கிழிவது, அனுபவமுள்ளவர்களின் கைகளிலும் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நேரக்கூடியது. அவ்வாறு கிழிந்தால் அதே அறையில் என்ன செய்வீர்கள், மாற்று லென்ஸ் கைவசம் இருக்குமா, விழித்திரை நிபுணரின் உதவி கிடைக்குமா என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். தமக்கு அவ்வாறு நேர்ந்த அறுவைகளின் விகிதத்தையும் கூறினார். கண்ணுக்குள் தொற்று ஏற்படுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவே, எனினும் ஏற்பட்டால் பார்வையையே பறித்துவிடும். அறுவைக்கு முன் போவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினி கொண்டு கண்ணைத் தூய்மை செய்வது அடிப்படை. அறுவையின் முடிவில் கண்ணுக்குள் செஃபுராக்சிம் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்துவது தொற்றின் ஆபத்தை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்று 2007-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. தம் வழக்கம் என்ன என்று கேட்டால், கவனமுள்ள மருத்துவர் தயங்காமல் சொல்வார்.

இன்னொரு கேள்வியைப் பலர் கூச்சத்தால் கேட்பதில்லை: அறுவையை நீங்களே செய்வீர்களா? பயிற்சி மருத்துவர்கள் மூத்தவரின் மேற்பார்வையில் அறுவை செய்துதான் கற்றாக வேண்டும், அதில் குற்றமில்லை. அதை நோயாளியிடம் சொல்லாமல் மறைப்பதுதான் தவறு. அறுவை நாளன்று என் பெயரையும் எந்தக் கண் என்பதையும் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டு, புருவத்துக்கு மேல் குறியிட்டது முதலில் சலிப்பூட்டியது. கண் மாறிப்போவதும் லென்ஸ் மாறிப்போவதும் உலகில் நிகழ்ந்திருக்கும் தவறுகள். அவற்றைத் தடுப்பதற்கான சரிபார்ப்பு அது என்று அறிந்தபின், சலிப்பு நன்றியாக மாறியது. முதல் கண்ணின் பவர் நிலைபெறும் வரை காத்திருந்து, அதில் கிடைத்த முடிவைக் கொண்டு இரண்டாம் கண்ணின் கணக்கைச் சற்றே திருத்தினார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகளில் இருமுறை அவர் எனக்குத் தேவைப்பட்டார். முதலாவது, ஒரு மாலையில் கண்ணின் ஓரத்தில் மின்னல் போன்ற கீற்றுகளும், கரும்புள்ளிகளின் கூட்டமும் தோன்றியபோது. இத்தகைய அறிகுறி வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது என்று அவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளில் இருந்த எண்ணை அழைத்தேன், அன்றிரவே கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்தார்கள். கண்ணுக்குள் உள்ள கூழ்மம் விழித்திரையிலிருந்து விலகியிருந்தது, கிழிசல் இல்லை. சில வாரங்களில் மீண்டும் வரச் சொல்லி உறுதி செய்தார்கள். இரண்டாவது, பார்வை மெல்ல மெல்ல மங்கியபோது. லென்ஸுக்குப் பின்னுள்ள பை காலப்போக்கில் மங்கலாவது பரவலாக நேர்வது. யாக் லேசரால் அதில் சிறு திறப்பு செய்தால் தெளிவு திரும்பும். மங்கலுக்கு அதுவே காரணம் என்று எடுத்த எடுப்பில் முடிவு செய்யாமல், விழித்திரையையும் கண் அழுத்தத்தையும் பார்த்த பின்னரே லேசர் செய்தார். அறுவைக்கு முந்தைய பேச்சிலேயே இது வரலாம் என்று சொல்லியிருந்ததால் நான் கலங்கவில்லை.

குறைகளையும் சொல்வது முறை. அவரைக் காண நெடுநேரம் காத்திருக்க வேண்டும். சொற்கள் சுருக்கமானவை, இனிமையாகப் பேசும் மருத்துவரை எதிர்பார்ப்பவர்களுக்கு அவர் கறாராகத் தோன்றுவார். ஆனால் கேட்ட கேள்விக்கு ஒருபோதும் மழுப்பலான பதில் வந்ததில்லை. இனிய பேச்சு, நேரான பதில் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால் நான் தயங்காமல் இரண்டாவதையே தேர்வேன்.

இத்தகையவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பதிவும் தகுதியும் அந்தந்த நாட்டின் மருத்துவக் குழுமத்தில் சரிபார்க்கக்கூடியவை. அதைச் செய்துவிட வேண்டும். விழித்திரை, கருவிழி, கண் அழுத்த நோய், குழந்தைகளின் கண் என்று பிரிவுகள் தனித்தனி என்பதால், உங்கள் சிக்கலைத் தொடர்ந்து கையாள்பவர்தானா என்றும் பார்க்க வேண்டும். விளம்பரப் பலகைகளில் உள்ள அறுவைகளின் எண்ணிக்கை அனுபவத்தைக் காட்டும், முடிவுகளைக் காட்டாது. என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்ட தகவல், கண்ணாடிக்குப் பவர் பரிசோதிப்பவர்களிடமிருந்து வந்தது. பல மருத்துவர்கள் அறுவை செய்த கண்களை மாதக்கணக்கில் கழித்து அளந்து பார்ப்பவர்கள் அவர்களே. யாருடைய நோயாளிகளுக்குக் கணக்கிட்ட பவர் சரியாக அமைகிறது, யாருடைய நோயாளிகள் குறையோடு திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் பெற்றோரை யாரிடம் அனுப்புவீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார்கள்.

இரண்டாம் கருத்துக் கேட்கப் போவதாகச் சொன்னபோது என் மருத்துவர் அளவீட்டுத் தாள்களின் படியை அவரே எடுத்துக் கொடுத்தார். அவர் ஓய்வு பெற்றபோதும், லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் அடங்கிய ஒட்டுத்தாளும் எல்லாப் பரிசோதனை முடிவுகளும் கொண்ட கோப்பு என்னிடம் வந்தது. புதிய மருத்துவர் அதைப் புரட்டிப் பார்த்து, எந்தப் பரிசோதனையையும் முதலிலிருந்து தொடங்காமல், விட்ட இடத்திலிருந்து கவனிப்பைத் தொடர்கிறார். அறுவை முடிந்த வாரத்திலேயே அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கத் தயங்கும் இடமாக இருந்தால், மற்றொரு கண்ணுக்கு வேறு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.