பேனல் ஏசி வாங்கப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க, எனக்கு மூணு லட்சம் போச்சு

கண்ட்ரோல் பேனல், அதாவது மெஷினை ஓட்டற மின்சாரப் பெட்டி, உள்ளே சூடாகாம இருக்க மூணு லட்சம் கட்டி வாங்கின ரெண்டு பேனல் ஏசியும் இன்னைக்கு மறுபடி ட்ரிப். கூடவே பேனலுக்குள்ள மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற ஒரு டிரைவும் ஓவர் டெம்பரேச்சர் காட்டி நின்னுடுச்சு, உற்பத்தி லைனே நிக்குது.

எங்க கண்ட்ரோல் பேனல் ஃபர்னஸை ஒட்டி இருக்கு. சுத்தி இருக்கற காத்தே 60 டிகிரியைத் தாண்டும். ஃபேன் வெச்சா அதே சூட்டைத்தான் தூசியோட உள்ளே அள்ளிக் கொட்டும். அதனால மூடின பேனலுக்கு ஏசின்னு முடிவு பண்ணி, தொழிற்சாலைச் சாமான் விக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல தேடினேன். '70 டிகிரியிலயும் ஓடும்'னு ஒருத்தர் போட்டிருந்தார்.

பேசினப்போ அவர் விலையைப் பத்தி வாயே திறக்கல. டிரைவ் எத்தனை கிலோவாட், பேனல் என்ன அளவு, எந்தப் பக்கம் ஃபர்னஸைப் பாக்குது, கேபிள் வர்ற ஓட்டையை அடைச்சிருக்கான்னு ஒவ்வொண்ணா கேட்டார். வேலை தெரிஞ்சவன் கேக்கற கேள்விங்க. "சார், 60 எல்லாம் நம்ம மெஷினுக்கு ஒண்ணுமே இல்ல"ன்னார். முழுப் பணமும் முன்னாடியே போச்சு.

வெயில் ஏறுற நேரத்துல ஹை பிரஷர் ட்ரிப், அதாவது ஏசிக்குள்ள வாயு அழுத்தம் எகிறி அதுவே நின்னுடும். கேட்டா கேஸ்கெட் லீக்குன்னார். மாத்தினோம். ஃபில்டர் கழுவுங்கன்னார், கழுவினோம். வீடியோ அனுப்புங்கன்னார், அனுப்பினா பாக்கவே இல்ல.

அப்போதான் சூட்டுல பசை இளகி, நேம்பிளேட் மேல ஒட்டியிருந்த வெள்ளி ஸ்டிக்கரோட ஒரு மூலை தூக்கிட்டு நின்னுச்சு. உரிச்சுப் பாத்தா அடியில அசல் பிளேட். அதிகபட்ச வெளி வெப்பம் 45!

45க்குச் செஞ்ச மெஷின் 60ல எப்படித் தாங்கும்? உள்ளே இருந்து எடுத்த சூட்டை வெளிக்காத்துலதான் தள்ளணும். அதுக்குக் கண்டென்சர், அதாவது சூட்டை வெளியே விடற காயில், அந்தக் காத்தை விட சூடா இருக்கணும், காத்து 60னா இது 70 பக்கம் போகணும். இந்த மாதிரி ஏசியில ஓடற ஆர்134ஏ குளிரூட்டி வாயு 70 டிகிரியில திரவமாகவே சுமார் 21 பார் அழுத்தம் வேணும். ட்ரிப் ஆகாம என்ன செய்யும்?

போட்டோ அனுப்பினேன். "ஸ்டிக்கரைக் கிழிச்சதால வாரன்டி இல்ல"ன்னு பதில் வந்துச்சு! தளத்துல கேட்டா விக்கிறவர்கிட்டயே பேசுங்கன்னாங்க, அப்புறம் திருப்பிக் கொடுக்கற கெடு முடிஞ்சதுன்னாங்க. இப்போ என் புகார்ல 'தீர்க்கப்பட்டது'ன்னு இருக்கு. என்னத்தைத் தீர்த்தாங்க? மூணு லட்சம் அவங்ககிட்டதான் இருக்கு. டிரைவுக்குள்ள இருக்கற எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி ஏறினா ஆயுசு சுமார் பாதி. இத்தனை நாள் வெந்த டிரைவுங்க எப்போ போகுமோ, அந்தச் செலவு தனி.

என்ன வாங்கலாம்னு விவரமா எழுத நினைச்சேன், இப்போ பொறுமை இல்ல. நேம்பிளேட்டை நேர்ல பாருங்க, மேல ஸ்டிக்கர் இருந்தா நகத்தால கிள்ளிப் பாருங்க. எத்தனை டிகிரியில எத்தனை வாட் கூலிங்னு காட்டற கர்வ் (வரைபடம்) கேளுங்க. சுத்தமான, ஈரமும் எண்ணெயும் இல்லாத கம்ப்ரெஸ்டு ஏர் இருந்தா, அந்தக் காத்தைச் சுழல விட்டுக் குளிர்காத்தைப் பிரிக்கற வோர்டெக்ஸ் கூலரை யோசிங்க, காத்து நிறைய குடிக்கும், ஆனா அதுல கம்ப்ரெஸரும் இல்ல, கண்டென்சரும் இல்ல. முடிஞ்சா பேனலையே தள்ளி வைங்க. உங்க சூட்டுல ஓட்டிக் காட்டற வரைக்கும் பாதிப் பணத்தைக் கையிலயே வெச்சுக்கங்க.